சேக்ரல் தண்டுவடம் சேதமான பிறகும் விறைப்பு வருவது எப்படி?

பிஸியோ_மாணவி

வணக்கம். பாலூட்டிகளின் விறைப்பைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருப்பது ஒரு வரிதான்: பாராசிம்பதெட்டிக் எழுப்பும், சிம்பதெட்டிக் அடக்கும் (இரண்டும் உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்பு மண்டலத்தின் பிரிவுகள்). எழுப்பும் இழைகள் மனிதரில் தண்டுவடத்தின் கீழ்க்கோடியான சேக்ரல் பகுதியின் எஸ்2 முதல் எஸ்4 வரையான துண்டங்களிலிருந்து பெல்விக் நரம்பு வழியாக வருகின்றன. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

1. சேக்ரல் தண்டுவடம் முழுதும் அழிந்த சிலருக்கு, தொட்டால் விறைப்பு வருவதில்லை. ஆனால் நினைப்பாலோ காட்சியாலோ வருகிறது. எந்த வழியாக?

2. பாராசிம்பதெட்டிக் என்றால் அதன் நரம்புகள் விடுவிக்கும் செய்திப்பொருள் அசிட்டைல்கோலின். அப்படியானால் அதைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தால் விறைப்பு நின்றுவிட வேண்டும். ஏன் நிற்பதில்லை?

3. எலியில் ஆண்குறிக்குப் போகும் கேவர்னஸ் நரம்பைத் தூண்டி விறைப்புத் திசுவின் உள்ளழுத்தம் அளக்கும் முறையில் ஒரே குழுவுக்குள்ளேயே எண்கள் மிகவும் சிதறுகின்றன. எந்தெந்தப் படியில் தவறு நேர வாய்ப்பு அதிகம்?

மற்ற விலங்குகளில் இது எப்படி மாறுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னாலும் உதவும்.

---

தண்டுவட_மறுவாழ்வு

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

சிம்பதெட்டிக்கை ஒற்றைக் கயிறாக நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். தண்டுவடத்தில் நெஞ்சுப் பகுதியின் டி11 முதல் இடுப்புப் பகுதியின் எல்2 வரையான துண்டங்களிலிருந்து கிளம்பும் இழைகள் இரண்டு வழியாக ஆண்குறிக்குப் போகின்றன. முதல் வழி, முதுகெலும்பின் இருபுறமும் உள்ள சிம்பதெட்டிக் சங்கிலியில் இறங்கி பெல்விக், புடெண்டல் நரம்புகளோடு சேர்ந்துகொள்வது. இந்த இழைகள் நார்அட்ரினலினை விடுவித்து, தமனிகளையும் கேவர்னோசம் எனும் விறைப்புத் திசுவின் மென்தசையையும் இறுக்கிப் பிடிக்கின்றன. சாதாரண நேரத்தில் உறுப்பு தளர்ந்திருப்பதற்குக் காரணமே இந்த இடைவிடாத இறுக்கம். இரண்டாவது வழி ஹைப்போகாஸ்ட்ரிக் நரம்பு. அது பெல்விக் பின்னலில் வந்து முடிகிறது. அங்கே சேக்ரல் இழைகள் தூண்டுகிற அதே வகை கேங்லியன் (நரம்பு முடிச்சு) செல்களில் ஒரு பகுதியை ஹைப்போகாஸ்ட்ரிக் இழைகளும் தூண்டுகின்றன. கிளம்பிய இடம் சிம்பதெட்டிக். ஆனால் கடைசியில் செய்தியைக் கொண்டுபோகும் செல் விறைப்பை உண்டாக்கும் செல். தண்டுவடத்தில் எந்த மாடியிலிருந்து வருகிறது என்பதைவிட, கேங்லியனில் எந்தச் செல்லைப் போய்ச் சேருகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு ஆதாரம் பழையது. 1863இல் எக்ஹார்ட் நாயின் பெல்விக் நரம்பை மின்சாரத்தால் தூண்டி விறைப்பை உண்டாக்கினார். பாடப்புத்தகத்தின் பாதிக்கதை அங்கிருந்து வந்தது. மறுபாதி 1947இல் ரூட், பார்ட் இருவரும் ஆண் பூனைகளில் செய்த வேலை. சேக்ரல் தண்டுவடத்தை அழித்த பிறகும், பருவத்திலிருக்கும் பெண் பூனையைக் கண்டால் அவற்றுக்கு விறைப்பு வந்தது. சிம்பதெட்டிக் வழியையும் துண்டித்ததும் அது நின்றது. இந்தப் பரிசோதனையை வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்துப் பேச வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒரு வரி கூட வருவதில்லை.

மனிதரில் காயத்தின் மட்டத்தை வைத்து எதிர்பார்க்கலாம்.

டி11க்கு மேலே முழுமையான துண்டிப்பு: மூளையிலிருந்து இரண்டு மையங்களுக்கும் வழி போய்விட்டது. நினைப்பால் வராது. சேக்ரல் வளையம் முழுசாக இருப்பதால் தொடுதலால் வரும்; இத்தகையோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த அனிச்சை விறைப்பு இருக்கிறது. ஆனால் தொடுதல் நின்றால் அதுவும் தணிந்துவிடும். சிறுநீர்க்குழாய் மாற்றும்போது, துணி உரசும்போதுகூட வரும். குடும்பத்தாருக்கும் செவிலியருக்கும் இதை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நோயாளிதான் தேவையில்லாத சங்கடத்துக்கு ஆளாவார்.

எல்2க்கும் எஸ்2க்கும் நடுவே காயம்: இரண்டு வகையும் இருக்கலாம், ஆனால் ஒன்றோடொன்று இணையாது.

சேக்ரல் துண்டங்களோ காடா ஈக்வைனாவோ (தண்டுவட முனையிலிருந்து இறங்கும் நரம்பு வேர்க்கட்டு) முழுதும் சேதம்: நீங்கள் கேட்ட நிலை இதுதான். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஹைப்போகாஸ்ட்ரிக் வழியாக, நினைப்பால் விறைப்பு வருகிறது. பெரும்பாலும் வீக்கம் வரும், உறுதி போதாது, நெடுநேரம் நிற்காது. புடெண்டல் நரம்பின் தசைக்கிளை செயலற்றுப் போயிருப்பதால் ஆண்குறியின் அடியை மூடியிருக்கும் இஸ்கியோகேவர்னோசஸ் தசை அழுத்திக் கொடுக்காது என்பதும் ஒரு காரணம்.

படுக்கையருகே சோதிக்க: ஆண்குறி முனையை விரலால் சட்டென்று அழுத்தி, மலவாய்ச் சுருக்குதசை சுருங்குகிறதா என்று பாருங்கள். இது பல்போகேவர்னோசஸ் அனிச்சை. சுருங்கினால் எஸ்2–எஸ்4 வளையம் உயிரோடு இருக்கிறது. நினைப்பு வழிக்கு, டி11 முதல் எல்2 வரையான தோல்பட்டைகளில் ஊசிக்குத்தும் மெல்லிய தொடுதலும் தெரிகின்றனவா என்று பாருங்கள். காயம்பட்ட முதல் வாரங்களில் தண்டுவட அதிர்ச்சி நீடிக்கும்போது கிடைக்கும் விடையை இறுதி என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, விட்டுவிடக் கூடாதது. டி6க்கு மேலே காயம் உள்ளவருக்கு வைப்ரேட்டர் வைத்துத் தூண்டினால் இரத்த அழுத்தம் அபாயமாக ஏறலாம். அழுத்தமானியைக் கட்டிக்கொண்டே செய்ய வேண்டும். அவர் சில்டெனாஃபில் (வயாக்ரா) எடுத்திருந்தால் அழுத்தத்தை இறக்க நைட்ரேட் கொடுக்கவே கூடாது.

---

மருந்தியல்_மேசை

இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் என் பக்கம்.

அசிட்டைல்கோலின் இருக்கிறது, ஆனால் முக்கியமான இடம் கேங்லியன். அங்கே அது நிகோடினிக் ஏற்பியில் வேலை செய்கிறது. கேங்லியனைத் தடுக்கும் ஹெக்சாமெதோனியம் கொடுத்தால் நிற்கும், அட்ரோபின் அதைத் தொடாது. கேங்லியனைத் தாண்டிய நரம்பு முனையில் மென்தசையைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு. அதே முனையில் விஐபி என்ற பெப்டைடும் அசிட்டைல்கோலினும் உண்டு. அங்குள்ள அசிட்டைல்கோலின் இரண்டு துணை வேலைகள் செய்கிறது: இரத்தக்குழாயின் உட்சுவரைத் தூண்டி இன்னும் நைட்ரிக் ஆக்சைடை வரவழைக்கிறது, பக்கத்திலுள்ள சிம்பதெட்டிக் முனையிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருவதைக் குறைக்கிறது. அட்ரோபின் தடுப்பது இந்தத் துணை வேலைகளை மட்டும்.

நைட்ரிக் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்ட கதையில் காளை மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. காளையின் உறுப்பை உள்ளிழுக்கும் ரிட்ராக்டர் பீனிஸ் தசையும் எலியின் அனோகாக்சீஜியஸ் தசையும், அசிட்டைல்கோலினும் அல்லாத அட்ரினலினும் அல்லாத நரம்புகளை ஆராயப் பயன்பட்ட மாதிரிகள். 1980இல் கில்லெஸ்பி, மார்ட்டின் இருவரும் இந்தத் தசைகளிலிருந்து தளர்த்தும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அமிலம் சேர்த்தால்தான் அது செயல்பட்டது. பிற்பாடு அதிலிருந்தது நைட்ரைட் என்று விளங்கியது. அமிலத்தில் அது நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. 1992இல் பர்னெட் குழு, எலியின் பெல்விக் பின்னலிலும் கேவர்னஸ் நரம்பிலும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியான நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் இருப்பதையும், அதைத் தடுத்தால் நரம்புத் தூண்டலால் வரும் விறைப்பு ஒடுங்குவதையும் காட்டியது.

அதன்பின் நடப்பது: நைட்ரிக் ஆக்சைடு குவானிலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஜிஎம்பி ஏறுகிறது, செல்லுக்குள் கால்சியம் இறங்குகிறது, தசை தளர்கிறது, தமனி விரிந்து குழிகள் நிரம்புகின்றன, நிரம்பிய திசு, உறைக்கு அடியிலுள்ள சிறு சிரைகளை நசுக்கி வெளியேறும் வழியை அடைக்கிறது. தொடங்கி வைப்பது நரம்பிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு. தொடர்ந்து நிறுத்தி வைப்பதில், பாயும் இரத்தத்தின் உராய்வால் குழாய்ச் சுவர் தரும் நைட்ரிக் ஆக்சைடுக்கு அதிகப் பங்கு. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைப்பது பிடிஇ5 என்ற நொதி. சில்டெனாஃபில் தடுப்பது அதைத்தான். நரம்பிலிருந்து நைட்ரிக் ஆக்சைடே வராதபோது காப்பாற்றுவதற்குச் சைக்ளிக் ஜிஎம்பி இருக்காது. புராஸ்டேட் அறுவையில் இரண்டு பக்கக் கேவர்னஸ் நரம்பும் போனவருக்கு மாத்திரை பெரும்பாலும் பலிக்காததற்குக் காரணம் இது. (அந்த நரம்புகள் புராஸ்டேட்டின் பின்பக்க ஓரங்களில், இரத்தக்குழாய்களோடு ஒரு கட்டாக ஓடுகின்றன. வால்ஷும் டோங்கரும் இதை வரைந்து காட்டிய பிறகுதான் 1982 முதல் நரம்பைக் காக்கும் அறுவை சாத்தியமானது.)

அப்படிப்பட்டவருக்கு உள்ளே ஊசியாகச் செலுத்தும் ஆல்ப்ரோஸ்டாடில் வேலை செய்யும்; அது சைக்ளிக் ஏஎம்பி வழியில் தசையை நேராகத் தளர்த்துகிறது, நரம்பு தேவையில்லை. ஆனால் தண்டுவடக் காயமுள்ளவருக்கு 1.25 மைக்ரோகிராமில் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குத் தொடக்கம் 2.5. நரம்புக் கோளாறு உள்ளவரின் குழாயும் தசையும் நன்றாகவே இருப்பதால் சிறிய அளவே போதும், கூடினால் இறங்காமல் நின்றுவிடும். 4 மணி நேரத்தைத் தாண்டினால் அவசரநிலை: இரத்தத்தை உறிஞ்சி எடுத்து, இரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் 100 முதல் 500 மைக்ரோகிராம் வரை 3–5 நிமிட இடைவெளியில், அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு.

இனி எலி. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

300–350 கிராம் எடையுள்ள வளர்ந்த ஆண் எலி, 37 டிகிரியில் வெப்பத் திண்டு. கரோட்டிட் தமனியில் ஒரு குழாய். அடிவயிற்றை நடுக்கோட்டில் திறந்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, புராஸ்டேட்டின் பின்பக்கவாட்டில் மேஜர் பெல்விக் கேங்லியனைத் தேடுங்கள். அதிலிருந்து கிளம்பும் கிளைகளில் தடித்து, சிறுநீர்த்தாரையை ஒட்டி இறங்குவது கேவர்னஸ் நரம்பு. ஆண்குறியின் அடியில் ஒரு பக்கக் கிரஸ் (கேவர்னோசத்தின் வேர்ப்பகுதி) மீதுள்ள இஸ்கியோகேவர்னோசஸ் தசையை விலக்கி, வெள்ளை உறை தெரிந்த பிறகு 23 முதல் 25 கேஜ் ஊசியை, ஹெப்பாரின் கலந்த உப்புநீர் நிரப்பிய பிஇ-50 குழாயோடு செலுத்துங்கள். இருமுனைக் கொக்கி மின்முனையில் நரம்பைத் தொங்கவிட்டு 16 ஹெர்ட்ஸ், 5 மில்லி செகண்ட், 60 செகண்ட் என்பது பலர் பயன்படுத்தும் அமைப்பு. மின்னோட்டத்தை 1.5 மில்லி ஆம்பியரில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள்.

எண்கள் சிதறுவதற்கு முதல் சந்தேகம் இரத்த அழுத்தத்தின் மேல். கேவர்னோச அழுத்தம் தமனி அழுத்தத்தை நம்பியே ஏறுகிறது. மயக்கம் ஆழமாகிச் சராசரி தமனி அழுத்தம் 80 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் நரம்பு நன்றாக இருந்தும் உள்ளழுத்தம் ஏறாது. அதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிந்து விகிதமாகத் தர வேண்டும். தமனி அழுத்தத்தை அளக்காமல் வெறும் உள்ளழுத்தம் மட்டும் தரும் அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது ஊசி. முனை உறையைத் துளைக்காமல் தசைக்குள்ளேயே நின்றிருக்கலாம், சிறுநீர்த்தாரையைச் சூழ்ந்த ஸ்பாஞ்சியோசத்துக்குள் போயிருக்கலாம், இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். தூண்டுவதற்கு முன் ஆண்குறியை மெதுவாக அழுத்தி விடுங்கள்: கோடு உடனே எழுந்து இறங்க வேண்டும். வட்டமான, தாமதமான எழுச்சி என்றால் குழாயில் காற்றுக்குமிழி.

மூன்றாவது, நரம்பு உலர்வது. இளஞ்சூடான உப்புநீரோ பாரஃபின் எண்ணெயோ இட்டுக்கொண்டே இருங்கள். உப்புநீர் குளமாக நின்றால் மின்னோட்டம் பக்கத்துக்குக் கசியும். தூண்டும்போது சிறுநீர்ப்பை சுருங்குவதோ, அழுத்தக்கோட்டில் ஊசிபோல் கூரான உச்சங்கள் வருவதோ அதன் அடையாளம். கூரான உச்சம் வரித்தசையின் வேலை, கேவர்னஸ் நரம்பினுடையது அல்ல. இரண்டு தூண்டல்களுக்கு நடுவே குறைந்தது 5 நிமிடம் விடுங்கள், 10 இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று, வடிவமைப்பில். உச்சத் தூண்டலில் மட்டும் அளந்தால் பாதி நரம்பு சேதமான எலியும் நலமான எலியும் ஒன்றாகவே தெரியலாம். 2, 4, 8, 16 ஹெர்ட்ஸ் என்று படியாக ஏற்றி வளைவு வரையுங்கள். வித்தியாசம் கீழ்ப்படிகளில்தான் தெரியும். முடிவில் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸைத் தடுக்கும் எல்-நேம் கொடுத்து எழுச்சி ஒடுங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

---

கால்நடை_மரு

காளை, குதிரை பற்றிச் சில வரிகள்.

காளையின் உறுப்பு நார்த்தன்மை மிகுந்தது, விரிவது குறைவு. எஸ் வடிவ மடிப்பு நேராவதால்தான் வெளியே வருகிறது. மடிப்பை இழுத்துப் பிடித்திருப்பது மேலே சொன்ன ரிட்ராக்டர் பீனிஸ். அது மென்தசை, சிம்பதெட்டிக் இறுக்கத்தால் சுருங்கியே இருக்கும். ஆகவே இங்கேயும் முதல் படி இறுக்கம் தளர்வது.

இரண்டாம் படியில் வரித்தசை வருகிறது. இஸ்கியோகேவர்னோசஸ் விட்டுவிட்டுச் சுருங்கி, கிரஸில் உள்ள இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. மூடிய குழாய் என்பதால் காளையில் உச்ச அழுத்தம் 14,000 மி.மீ. பாதரசம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. மனிதரில் முழு விறைப்பு ஏறக்குறைய 100தான். தசை சுருங்கும் கணங்களில் மட்டும் சில நூறு. காளை தாவும் நேரத்தில் உறுப்பு வளைந்துவிட்டால் மடிப்பின் கீழ் வளைவின் மேற்புறத்தில் உறை கிழிந்து, விரைப்பைக்கு முன்னால் இரத்தக்கட்டி வரும். அதற்குக் காரணம் இந்த அழுத்தம்.

புடெண்டல் நரம்பின் மூன்று பங்கையும் (சிம்பதெட்டிக், உணர்வு, தசை) காளையில் ஒரே ஊசியில் பார்க்கலாம். மலக்குடல் வழியாகக் கையை விட்டு நரம்பைத் தொட்டறிந்து, இஸ்கியோரெக்டல் குழி வழியாக நீண்ட ஊசியில் 2% லிக்னோகைன் 20–25 மி.லி., இரண்டு பக்கமும். அரை மணி நேரம் பொறுங்கள். உறுப்பு தானாக இறங்கித் தொங்கும், காரணம் ரிட்ராக்டருக்குப் போகும் சிம்பதெட்டிக் இழைகளும் அந்த நரம்பில்தான் ஓடுகின்றன. தொடு உணர்வும் போயிருக்கும், இஸ்கியோகேவர்னோசஸும் சோர்ந்திருக்கும். பரிசோதனைக்கு அருமை, ஆனால் மரத்தது தெளிய மணிக்கணக்காகும். அதுவரை தரையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின் உறுப்பு மனிதரைப் போல் விரியும் வகை. ஆண் குதிரைக்கு, அமைதிப்படுத்தும் மருந்தான அசிப்ரோமசின் கொடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். அது நார்அட்ரினலினின் ஆல்ஃபா ஏற்பியைத் தடுப்பதால் இறுக்கம் அற்றுப்போய், சிலவற்றில் உறுப்பு வெளியே வந்து உள்ளே போக மறுக்கும். தொங்கத் தொங்க நீர்க்கட்டு ஏறும், எடை கூடும், புடெண்டல் நரம்பு இழுபடும்; அதன்பின் நிரந்தர வாதம். ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. உடனே தாங்குத்துணி கட்டி, குளிர்ந்த நீரோடு நீவி, உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். கேவர்னோசம் விறைத்தே நின்றால் ஃபினைலெஃப்ரின் 10 மி.கி. உள்ளே செலுத்துவதும், தேங்கிய இரத்தத்தை ஹெப்பாரின் உப்புநீரால் கழுவி எடுப்பதும் தாமதிக்கக் கூடாத படிகள்.

---

பிஸியோ_மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. தண்டுவடத்தை மேலே துண்டித்த எலியில் அனிச்சை விறைப்பு முன்பைவிட எளிதாக வருகிறது என்கிறார்கள். அப்படியானால் மூளையின் வேலையே தடுப்பதுதானா? எம்பிஓஏ (மூளையின் மீடியல் ப்ரீஆப்டிக் பகுதி) எழுப்பும் மையம் என்று படித்தேனே?

---

தண்டுவட_மறுவாழ்வு

மூளை இரண்டையும் செய்கிறது, ஆனால் இறங்கி வரும் தடை வலுவானது. எலியின் மூளைத்தண்டில், மெடுல்லாவின் அடிப்பகுதியில் உள்ள நியூக்ளியஸ் பாராஜைகாண்டோசெல்லுலாரிஸ் அந்தத் தடையின் முக்கிய இடம். 1990இல் மார்சனும் மெக்கென்னாவும் அதை மட்டும் அழித்தபோது, தண்டுவடத்தை வெட்டாமலே சிறுநீர்த்தாரை-இனப்பெருக்க அனிச்சை வெளிப்பட்டது. அங்கிருந்து இறங்கும் இழைகளில் பெரும்பகுதி செரோடோனின் கொண்டவை. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் பாலியல் செயல்பாட்டை மந்தமாக்குவதை இந்தப் பாதையோடு பொருத்திப் பார்க்கலாம். ஆனால் செரோடோனின் என்றாலே தடை என்று எழுதிவிடாதீர்கள். 5-எச்டி2சி என்ற செரோடோனின் ஏற்பியைத் தூண்டினால் எலியில் விறைப்பு வருகிறது.

எழுப்பும் பக்கத்தில் ஹைப்போதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் நியூக்ளியஸைத்தான் முதலில் சொல்வேன். அங்கிருந்து ஆக்சிடோசின் நரம்புகள் நேராகத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகின்றன. டோபமைன் அவற்றைத் தூண்டுகிறது. எலிக்கு, டோபமைன் போல் செயல்படும் அப்போமார்ஃபினைச் சிறிய அளவு கொடுத்தால் விறைப்பும் கொட்டாவியும் சேர்ந்தே வரும். அளவைக் கூட்டினால் இரண்டும் மறைந்து, திரும்பத் திரும்ப முகர்வதும் கடிப்பதும் தொடங்கும். ஆகவே இந்த மருந்தில் அளவு–விளைவு வளைவு மணி வடிவம். ஒரே அளவில் சோதித்துவிட்டுப் பலனில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

எம்பிஓஏ விஷயத்தில் சோதனை வகையைப் பார்க்க வேண்டும். மயக்கத்திலுள்ள எலியில் அதை மின்சாரத்தால் தூண்டினால் உள்ளழுத்தம் ஏறுகிறது. அதை அழித்தால் புணர்ச்சி நின்றுபோகிறது, ஆனால் எட்டாத தூரத்திலுள்ள பெண் எலியின் வாசனைக்கு வரும் விறைப்பு பெரிதாகக் கெடுவதில்லை. அதைக் கெடுப்பது பக்கத்திலுள்ள பெட் நியூக்ளியஸ் என்ற நரம்பணுத் தொகுதியின் சேதம். கனவு வரும் ஆர்இஎம் தூக்கத்தில் வரும் விறைப்போ லேட்டரல் ப்ரீஆப்டிக் பகுதியைச் சார்ந்தது.

மனிதருக்கு இதை அப்படியே கொண்டுவந்தால், இரவில் ரிஜிஸ்கேன் என்ற உறுதி அளக்கும் கருவியை வைத்து எடுக்கும் பதிவை எப்படிப் படிப்பது என்பது விளங்கும். முனையில் 60 சதவீத உறுதி 10 நிமிடமாவது நின்றால் கேவர்னஸ் நரம்பு, தமனி, சிரை அடைப்பு மூன்றும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். தொடுதலைக் கொண்டுசெல்லும் டார்சல் நரம்பைப் பற்றி அந்தப் பதிவு எதுவும் சொல்லாது. நீரிழிவு உள்ளவரிடம் இரவுப் பதிவு நன்றாக இருந்தாலும் முனையில் அதிர்வு உணர்வையும், பல்போகேவர்னோசஸ் அனிச்சை எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்பதையும் தனியாக அளக்க வேண்டும்.